தூரத்து சர்வரில் ஒரு ஃபங்ஷன்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை ஒன்றுக்கு எடைமேடை மென்பொருள் எழுதும் தம்பி கேட்டான்: "அண்ணா, சர்வரில் இருக்கிற ஃபங்ஷனை இங்கிருந்தே கூப்பிட ஜிஆர்பிசி போடலாமா?"

தாராளமாக. ஒரு கணினியில் இருந்துகொண்டே இன்னொன்றில் இருக்கும் ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை, கூப்பிட உதவும் கருவிதான் ஜிஆர்பிசி (gRPC). 2015இல் கூகுள் திறந்த மூலமாக வெளியிட்டது. எது உள்ளே போகும், எது திரும்பி வரும் என்று ஒரு புரோட்டோ கோப்பில் எழுதிவிட்டால், இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய நிரலை அதுவே உருவாக்கித் தரும். அங்கே ஜாவா, இங்கே பைத்தான் என்று நிரல் மொழி வேறானாலும் கவலையில்லை. யோசனை பழசுதான், 1984இலேயே ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் இருவரும் இதைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், பார்க்கச் சாதாரண ஃபங்ஷன் மாதிரியே இருப்பதால் நடுவில் நெட்வொர்க் இருப்பதே மறந்துபோகும். சீசனில் பெங்களூரா மாங்காய் லோடு வரிசைகட்டி நிற்கும்போது நெட் போனால்? 'எடையைப் பதிவு செய்' என்று அனுப்பியாச்சு, பதில் இல்லை. சர்வர் பதிவே செய்யவில்லையா, செய்துவிட்டுப் பதில் மட்டும் வழியில் தொலைந்ததா? இங்கிருந்து தெரியவே தெரியாது. மறுபடி அனுப்பினால் ஒரே லாரிக்கு இரண்டு பில். விவசாயி வேண்டுமானால் சந்தோஷப்படுவார், ஆலைக்காரர் விடமாட்டார்.

அதனால் ஒவ்வொரு லோடுக்கும் எடைமேடையிலேயே தனி எண் போட்டு அனுப்பச் சொன்னேன். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் பழைய பதிலையே தரட்டும். அப்புறம் டெட்லைன், அதாவது பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற கெடு. ஜிஆர்பிசியில் நாமாக வைக்காவிட்டால் கிளையன்ட் (கூப்பிடும் பக்கத்து மென்பொருள்) காத்துக்கொண்டே கிடக்கும். ஐந்து வினாடி வைடா என்றேன்.

"அதெல்லாம் கடைசியில பாத்துக்கலாம்ணா" என்கிறான்.