கறுத்துப்போன பில்

அப்பா லேமினேஷன் மெஷின் வாங்கிவிட்டார். அவரைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் எழுதவே தேவையில்லை. டிரில்லிங் மெஷின் வாங்கிய வருஷம் எங்கள் வீட்டுச் சுவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது.

பெட்டியைப் பிரித்தார், சூடேற்றினார். பச்சை விளக்கு எரிந்ததும் முதல் காரியமாக அந்த மெஷினுக்கான பில்லையே உள்ளே விட்டார். "வாரண்டிக்குக் கேப்பான், பத்திரமா இருக்கட்டும்." வெள்ளையாக நுழைந்த பில் மறுபக்கம் அமாவாசை மாதிரி வெளியே வந்தது. தேதி காணோம், கடைப் பெயர் காணோம், தொகை காணோம். ஆனால் தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடைக்காரன் மட்டமான இங்க் போட்டிருக்கான்" என்றார்.

அதில் இங்க்கே கிடையாது. அந்த மாதிரித் தாளின் மேல் நிறமில்லாத ஒரு சாயத்தையும், அதை நிறத்துக்குக் கொண்டுவரும் இன்னொரு ரசாயனத்தையும் பூசியிருப்பார்கள். சூடு பட்டால் இரண்டும் உருகிச் சேர்ந்து கறுக்கும். பில் போடும் மெஷின், எழுத்து வரவேண்டிய இடத்தில் மட்டும் சூடு வைக்கிறது. அப்பாவின் மெஷினில் நூறு டிகிரிக்கு மேல் காய்ந்த உருளைகள். அவை பாரபட்சம் பார்க்கவில்லை. இதையெல்லாம் பொறுமையாக விளக்கினேன்.

"அப்போ வாரண்டி போச்சா?"

"வாரண்டி இருக்கு. யாராலயும் படிக்கத்தான் முடியாது" என்றாள் அம்மா உள்ளே இருந்து.

மனுஷன் இதற்கெல்லாம் அசரவில்லை. அடுத்துச் சிக்கியது வாண்டு கிரேயானில் வரைந்திருந்த தாத்தா படம். கிரேயான் என்பது மெழுகு. படம் வெளியே வந்தபோது தாத்தாவின் மீசை உருகிக் காது வரை போயிருந்தது. வாண்டு அழப்போகிறாள் என்று எல்லோரும் பதறினோம். "தாத்தா வேகமா ஓடுறார்" என்று அவள் குதித்தாள். பாராட்டு கிடைத்துவிட்டது, இனி அவரை யார் தடுப்பது? மிச்சமிருந்த ஓரம் அசிங்கமாக இருக்கிறதென்று தாளை ஒட்டியே கத்தரியால் நறுக்கினார். இரண்டு பிலிமும் ஒன்றையொன்று நேரடியாகப் பிடித்துக்கொள்வதே அந்த ஓரத்தில்தான். சுற்றிலும் ஒரு 3 மில்லிமீட்டராவது விட வேண்டும். நடுவில் தாள்தான் இருக்கிறது, அது தன் மேல்தோலை மட்டும்தான் பிலிமுக்குக் கொடுக்கும். சாயங்காலமே ஒரு மூலை வாயைத் திறந்துவிட்டது. "பசை பத்தல" என்பது அவருடைய தீர்ப்பு.

பசை பற்றாது என்பது எங்கள் குடும்பத்தின் பரம்பரை நம்பிக்கை. எதுவாக இருந்தாலும் இன்னும் கொஞ்சம் போடு. பாட்டி பிறந்தநாளுக்கு வாண்டு செய்த பாப்-அப் கார்டு கதையே அதற்குச் சாட்சி.

திறந்தால் மாடி வீடு எழுந்து நிற்க வேண்டும். அவள் வெட்டியதெல்லாம் பிரமாதம். ஒட்டும் கட்டம் வந்ததும் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா வெள்ளைக் கம்மைப் பிதுக்கினார். வெள்ளைக் கம் மரத்துக்கு நல்ல சாமான். ஆனால் அதில் நிறையத் தண்ணீர். தாளின் நார்கள் தண்ணீர் குடித்ததும் பருக்கும், அதிலும் நீளவாக்கில் விடக் குறுக்குவாக்கில்தான் அதிகம் பருக்கும். ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டால் தாள் சுருளாமல் என்ன செய்யும்? மாடி வீடு காய்ந்து முடிந்தபோது அலையலையாகக் கடலாகியிருந்தது. கொஞ்சூண்டு தொட்டு, அட்டைத் துண்டால் மெல்லிசாக இழுத்துவிட்டு, மேலே பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு விட்டிருந்தால் தப்பியிருக்கும். எங்கள் வீட்டில் யார் ஓர் இரவு காத்திருப்பார்கள்?

இரண்டாவதாகச் செய்த காகித வீட்டை ஒட்டச் சித்தப்பா வந்தார், சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் அந்தக் குட்டி சூப்பர் க்ளூ டியூபோடு. உடைந்த செருப்பு, கண்ணாடி பிரேம், மனஸ்தாபம், எல்லாவற்றுக்கும் அவரிடம் அதே டியூப்தான். தாளில் சொட்டிய இடம் எண்ணெய் பட்டது போல் ஊடுருவித் தெரிந்தது. பிறகு விறைத்து, மடித்ததும் படக்கென்று உடைந்தது. வழிந்ததைத் துடைக்கப் பஞ்சை எடுத்தார். அந்தப் பசை பஞ்சு நாரைத் தொட்டால் சட்டென்று இறுகிச் சூட்டைக் கக்கும். பஞ்சிலிருந்து புகை கிளம்பியது. யாரோ கற்பூரம் ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்துப் பாட்டி கும்பிட்டாள்.

கடைசியில் அந்தக் கார்டைக் காப்பாற்றியது அக்காவின் பென்சில் பெட்டியில் கிடந்த ஒட்டுக்குச்சிதான். 1969ல் ஒரு ஜெர்மன் கம்பெனி லிப்ஸ்டிக்கைப் பார்த்துச் செய்த சமாச்சாரம், திருகினால் பசை மேலே வரும். ஈரம் குறைவு, தாள் சுருங்காது. பிடிமானமும் குறைவுதான், அதனால் எழுந்து நிற்கும் மடிப்புகளுக்கு மட்டும் இருபக்க டேப். டேப்பில் தண்ணீரே இல்லை. ஆனால் வைத்தால் வைத்ததுதான், நகர்த்த முடியாது. வாண்டுக்குக் கை நடுங்காது. சித்தப்பாவிடம் கொடுத்துவிடாதீர்கள்.

என் ஆதங்கம் இந்த டப்பாக்களின் மேல்தான். எதை எடுத்தாலும் "அதிக வலிமை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். தாளுக்கு எதற்கய்யா வலிமை? எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, காய்ந்தால் மஞ்சளாகுமா, ஒருநாள் பிரிக்க முடியுமா, இதில் ஒன்றைக்கூட எழுதுவதில்லை. ஒட்டினால் பிரிக்க முடியாத டேப் என்ன செய்யும் என்று சாக்கடல் சுருள்களை, அதாவது தோலில் எழுதிய அந்தப் பழங்காலச் சுவடிகளைக் கேளுங்கள். 1950களில் அறிஞர்கள் அந்தத் துண்டுகளைச் சாதாரண செல்லோடேப்பால் இணைத்தார்கள். அதன் பசை தோலுக்குள் இறங்கிக் கறையாகி, பின்னால் வந்தவர்கள் அதைச் சுரண்டி எடுக்க வருஷக்கணக்கில் உட்கார வேண்டியதாயிற்று. ரெண்டாயிரம் வருஷம் குகையில் சும்மா கிடந்த தோல்.

இதை அப்பாவிடம் நேற்று சொல்லவேண்டி வந்தது. பீரோவிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கம் நின்றிருந்தார். கல்யாணத்துக்கு முன் அம்மா அவருக்கு எழுதியது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிய ஆரம்பித்திருக்கிறது.

"இது கறுக்காதுல்ல?"

பேனா மை, கறுக்காது. ஆனால் உருகிய பசை தாளுக்குள் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை என்றேன். பழைய ஆவணங்களை லேமினேட் செய்துவைத்த காப்பகங்களே பிற்பாடு வருந்தின. இப்போது ஒட்டாத பாலியஸ்டர் உறைக்குள் சும்மா வைத்து ஓரத்தை மட்டும் மூடுகிறார்கள். உறை வாங்கித் தருகிறேன் என்றேன். கையிலேயே வைத்திருந்தார், தரவில்லை.

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னது அது? ஐயையே, அதையா இன்னும் வெச்சிருக்கீங்க? மடிச்சபடியே உள்ள விட்டுருங்க. அப்பவாவது யாரும் பிரிச்சுப் படிக்க முடியாது."

அப்பா கடிதத்தை மடித்து, விரலிடுக்கில் வைத்துத் தடிமன் பார்த்தார்.

"நாலு மடிப்பு இந்த மெஷின்ல போகாது" என்றார், ரொம்ப சீரியஸாக.