ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை எப்போது மாற்றுவது, எப்படி மாற்றுவது

நான் ஓட்டும் காரின் கையேட்டில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. வண்டியின் ஆயுள் முழுவதும் அதை மாற்ற வேண்டியதில்லை என்கிறது அந்த வரி. எத்தனை கிலோமீட்டர் ஓடினால் ஆயுள் முடிந்ததாகக் கொள்வது என்பதை மட்டும் எங்கும் காணோம். பல கார் நிறுவனங்களுக்குக் கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமோ, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளுக்குள், ஆயிலை மாற்றச் சொல்கிறது. கியர்பாக்ஸைச் செய்தவர்களே அப்படிச் சொல்லும்போது அந்த ஒற்றை வரியை நம்பிக்கொண்டிருப்பதில் பொருளில்லை என்று முடிவு செய்தேன்.

இன்ஜின் ஆயிலைப் போல இதில் புகைக்கரி கலப்பதில்லை என்பதால், இது கெடாது என்று பலரும் நினைக்கிறார்கள். இதைக் கெடுப்பது சூடு. இன்ஜினின் சுழற்சியை, இரண்டுக்கும் நடுவே ஆயிலைச் சுழற்றி விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வழியாகக் கியருக்குக் கொண்டுசேர்ப்பதும், கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிக்கும் விசையைத் தருவதும், உராயும் பாகங்களுக்கு வழுவழுப்பும் குளிர்ச்சியும் தருவதும் இந்த ஓர் ஆயில்தான். நெரிசலில் பிரேக்கை விட்டும் மிதித்தும் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கையில், டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயில் கடையப்பட்டுச் சூடேறுகிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது கன்வெர்ட்டரின் இரு பக்கமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்வதால் அந்தச் சூடு பெரிதும் குறைந்துவிடுகிறது. ஆகவே 60,000 கிலோமீட்டர் ஓடிய இரண்டு வண்டிகளின் ஆயில் ஒரே நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. நெரிசல், மலைப்பாதை, இழுவைப் பாரம் ஆகியவை வழக்கமாக இருந்தால் 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது என்பது என் கருத்து.

நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. புது ஆயிலின் சிவப்பு வெறும் சாயம். சில வகைகள் சில மாதங்களிலேயே கருத்துவிடும், அதனால் கேடில்லை. கருகிய வாடை அடித்தால்தான் கவலைப்பட வேண்டும். பால் கலந்தது போல இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிந்திருக்கிறது என்று பொருள். அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது.

ஆயில் வாங்கும்போது பிராண்டை விடக் கையேட்டில் குறிப்பிட்டிருக்கும் வகையே முக்கியம். பற்சக்கரங்களுக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் கொண்டு இயங்கும் சிவிடி கியர்பாக்ஸுக்கு உரிய ஆயில் முற்றிலும் வேறு. அதன் இடத்தில் சாதாரண ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை (ஏடிஎஃப்) ஊற்றினால் உள்ளே பெல்ட்டும் புல்லியும் வழுக்கித் தேய்ந்துபோகும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று எழுதப்பட்ட டப்பாக்களை நான் தொடுவதில்லை.

முதல் முறை நானே மாற்றியபோது ஒரு தவறு செய்தேன். காரைச் சமமாக உயர்த்தி, நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, டிரெய்ன் பிளக்கைக் கழற்றி ஆயில் முழுவதையும் வடித்துவிட்ட பிறகே, ஊற்றும் துளையின் பிளக்கில் கை வைத்தேன். அது அசையவே இல்லை. ஆலன் சாவி வழுக்கி அதன் குழி வட்டமாகிவிட்டது. வடித்ததைத் திரும்ப ஊற்றவும் வழியில்லாமல், வண்டி இரண்டு நாள் அப்படியே நின்றது. ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பார்க்காமல் அடியில் இருக்கும் பிளக்கைத் தொடுவதில்லை என்று அன்று வைத்துக்கொண்ட வழக்கம் இன்றும் தொடர்கிறது.

வடிந்த ஆயிலை அளவு போட்ட பாட்டில்களில் ஊற்றிப் பார்த்தேன்: 3.5 லிட்டர். மொத்தக் கொள்ளளவு 8.5 லிட்டர் என்பதால், மீதி 5 லிட்டர் டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிட்டது. ஒரு முறை வடித்து நிரப்பினால் 41 சதவீதம்தான் புதிது. இடையிடையே ஓட்டிவிட்டு மூன்று முறை செய்தால் ஏறக்குறைய 80 சதவீதம் ஆகிறது. நான் அப்படித்தான் செய்தேன். அளக்கும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: சூடான ஆயில் விரிந்திருக்கும் என்பதால், ஆறிய பிறகு அளந்து அதே அளவு ஊற்றுவதே சரி.

கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டை, அதாவது பான் என்பதைக் கழற்றினால் அதன் காந்தங்களில் சாம்பல் நிறக் குழைவு படிந்திருக்கும். விரலில் தேய்த்தால் மாவு போல இருக்கும் அது இயல்பான தேய்மானம். ஊசி போன்ற துணுக்குகளோ சில்லுகளோ கிடைத்தால்தான் உள்ளே ஏதோ உடைகிறது என்று பொருள். ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் அப்போதே மாற்றிவிடலாம். பான் போல்ட்டுகளைப் பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் அலுமினிய மறை பிய்ந்துவிடும்.

கடைசியில் வரும் அளவு பார்க்கும் வேலைதான் பலரிடமும் தவறிப்போகிறது. டிப்ஸ்டிக் எனும் அளவுக் கம்பி இல்லாத பெரும்பாலான கியர்பாக்ஸ்களில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்திப் பார்க்கிங்கிற்குக் கொண்டுவந்து, கையேடு சொல்லும் வெப்பநிலையில், பல வண்டிகளில் அது 35 முதல் 45 டிகிரி செல்சியஸ், அளவு பார்க்கும் பிளக்கைத் திறக்க வேண்டும். நூலாக ஒழுகும் ஆயில் சொட்டுச் சொட்டாக மாறும்போது மூடிவிட வேண்டும். ஆயில் கூடினால் சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும். குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சி அதே நுரையை உண்டாக்கும். நுரைக்குக் கிளட்சை அழுத்தும் வலு கிடையாது.

1,50,000 கிலோமீட்டர் தாண்டியும் ஆயிலே மாற்றாத வண்டியில் இப்போது மாற்றலாமா என்று கேட்கிறார்கள். கியர் சரியாக விழுகிறது என்றால், மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவாமல், வடித்து நிரப்பும் முறையில் மாற்றலாம். ஏற்கெனவே கியர் வழுக்குகிறது என்றால் தேய்ந்த கிளட்ச் தட்டைப் புது ஆயில் திரும்பக் கொண்டுவராது. அந்தப் பணத்தை முதலில் கியர்பாக்ஸைச் சோதித்துப் பார்ப்பதற்குச் செலவிடுவதே மேல்.