கல்யாணத்துக்கு முன் இரண்டு நாள் பயணம்

இன்னும் மூன்று வாரத்தில் எங்கள் தோழிக்குக் கல்யாணம். விடுதியில் ஒரே அறையில் இருந்த நாங்கள் ஐந்து பேரும் சனிக்கிழமை காலையில் ஈசிஆர் வழியாகப் புதுச்சேரி போய்ச் சேர்ந்தோம்.

மஞ்சள் சுவர்கள், காகிதப் பூக்கள், ஆயி மண்டபம் எல்லாம் அழகுதான். ஆனால் எனக்கு மனதில் நின்றது ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் இருக்கும் பாரதியார் வீடு. 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் வாழ்ந்தவர். பள்ளியில் அவர் பாட்டைப் பாடிப் பரிசு வாங்கியவள் எங்கள் கல்யாணப்பெண். அங்கே கொஞ்ச நேரம் பேசாமலே நின்றாள்.

மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். நடு ரோட்டில் கைகோத்து நடந்தோம். அப்படி நடந்து எத்தனை வருஷம் ஆகிறது!

அப்புறம் அறையில் பார்ட்டி. கேக், மருதாணிக் கோன், பழைய போட்டோக்கள். அவளுக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதிக்கொண்டு போயிருந்தோம். இரண்டாவது கடிதத்திலேயே எல்லாரும் அழுதுவிட்டோம்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் வருஷம் ஒரு தடவை இப்படி வரணும்டீ" என்றாள். வருவோம். அடுத்தது மைசூர், அங்கேயே பேசி முடிவு செய்துவிட்டோம்.