மாமாட 58 ரூவா பார்சல்

செப்டம்பர் 6

பின்னேரம் கல்லடியில இருந்து மாமா கோல் எடுத்தார், "புள்ள, எனக்கு பார்சல் ஒண்டு வந்திரிக்காம், அட்ரஸ் பிழையாம், தபால் கந்தோரால மெசேஜ், 58 ரூவா கட்டட்டாம்" எண்டு. யார் அனுப்பின எண்டு கேட்டா, கனடாவில இருக்கிற மகனாத்தான் இருக்குமாம். இஞ்ச எந்த வீட்டுலதான் வெளிநாட்டுல ஆளில்ல, கண்ணை மூடிட்டு ஊர் முழுக்க மெசேஜ் விட்டாலும் யாருக்காவது பொருந்தத்தானே செய்யும்.

நான் பாலத்தால போய்ச் சேரக்குள்ள மாமா அந்த மெசேஜில இருந்த லிங்க்குக்குள்ள போய் கார்ட் நம்பர், பின்னால இருக்கிற 3 இலக்கம் எல்லாம் அடிச்சு முடிச்சிட்டார். ஃபோனுக்கு வாற ஓடிபி, ஒருதரம் மட்டும் பாவிக்கிற ரகசிய இலக்கம், இங்கிலிசில வந்தபடியா வாசிக்க கண்ணாடி தேடித் தேடி நேரம் போய் அது காலாவதியாகிட்டு, நல்ல காலம். 58 ரூவா சும்மா சாட்டு, அவனுகளுக்குத் தேவை அந்த ஓடிபிதான். கார்ட்டுக்குப் பின்னால இருக்கிற பேங்க் நம்பருக்கு எடுத்து உடனே கார்ட்ட நிப்பாட்டினம்.

செப்டம்பர் 7

மாமி விடுறாவில்ல. "ஊருப் புள்ளையளுக்கெல்லாம் படிப்பிச்ச மனுசனுக்கு இதுகூடத் தெரியாதா?" காலையில இருந்து இதேதான். மாமா தலையக் குனிஞ்சு பேப்பர் பாக்கார். மாமியக் குசினிக்குள்ள கூட்டிப்போய் சொன்னன், இப்பிடி ஏசினா அடுத்த முறை வந்தா மறைச்சிடுவார், மாமி. ஏமாந்த ஆக்கள் வெக்கத்துல வாய் திறக்கிறல்ல, அந்தக் கள்ளனுகளுக்கு அதுதான் முதல். சில பேர் கோல்லயே "வீட்டுல ஒருத்தருக்கும் சொல்லாதீங்க" எண்டு சொல்லுவானுகளாம்.

செப்டம்பர் 10

பென்சன். புதுக் கார்ட் வரல்ல, புத்தகத்தோட கவுண்டர்ல எடுத்தம். வெளிய ஏடிஎம்ல ஒரு வயசான அம்மா, பின்னால நிண்ட பொடியனிட்ட தன்ட கார்டையும் குடுத்து பின் நம்பரையும் சத்தமாச் சொல்றா. அவன் நல்ல பொடியனாயும் இருக்கலாம், ஆனாலும் எனக்கு நெஞ்சு பகீர் எண்டிச்சு. உள்ள செக்யூரிட்டி அண்ணாவக் கூப்பிட்டு விட்டன்.

வந்து மாமாட ஃபோன் கவர்ல பெரிய எழுத்துல ஒட்டினன்: பொலிஸ் 119, இணைய மோசடி முறைப்பாட்டுக்கு சேர்ட் (CERT) 101, என்ட நம்பர். என்ட நம்பரத்தான் மேல போடட்டாம்.

செப்டம்பர் 13

கோயில் வீதியில மாமா கூட்டாளிமாருக்குக் கதை சொல்றார். கேட்டுக்கொண்டு நிண்டன். இப்ப கதையில கண்ணாடி தொலையல்ல, இவர்தான் கள்ளனக் கண்டுபிடிச்சு வேணுமெண்டே ஓடிபிய மறைச்சவராம். ஒருத்தர் மெல்ல ஃபோன எடுத்து நீட்டுறார், "சேர், எனக்கும் இப்பிடி ஒண்டு வந்து கிடக்கு, பாருங்களன்."