அம்மா வளைகாப்புக்கு வரவில்லை என்றாள்

ஜூன் 3, செவ்வாய்

இன்று ஆய்வகத்தில் 40 சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) சாம்பிள். எல்லாம் சர்க்கரை நோயாளிகளுடையது. தயோபார்பிட்யூரிக் அமிலம் விட்டுக் கொதிநீரில் வைத்து எடுத்தால் இளஞ்சிவப்பு நிறம் ஏறும். உடம்பின் கொழுப்பு ஆக்ஸிஜனேற்றத்தில் சிதையும்போது உண்டாகிற எம்டிஏ (மலோண்டியால்டிஹைடு) என்ற பொருள் தரும் நிறம் அது. 532 நானோமீட்டரில் அளக்கிறோம். ஒரு குழாய் பன்னீர் ரோஜா மாதிரி சிவந்திருந்தது. பக்கத்தில் இருந்ததில் நிறமே இல்லை. சர்க்கரையோடும் இந்த அமிலம் வினைபுரிவதால், எண்ணை அப்படியே நம்பிவிடவும் முடியாது.

வீட்டுக்கு வந்தால், சித்தி மகள் வளைகாப்புக்கு வரவில்லை என்கிறாள் அம்மா. மூட்டுவலியாம்.

ஜூன் 5, வியாழன்

மூட்டுவலி இல்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பழைய வாயில் புடவையைக் கிழித்து நான்காக மடித்துத் தைத்த துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஏழு துணிகள். கேட்டதும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "இருமினா கசியுதுடி. அவசரமா வந்தா கதவைத் திறக்கிறதுக்குள்ள ஒழுகிடுது. பஸ்ல எப்படி ஏறுறது?"

இரண்டு வருடமாக இப்படி. மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லையாம். எங்கள் ஆய்வுப் படிவத்தில் கண், கால், சிறுநீரகம் எல்லாம் கேட்கிறோம். சிறுநீர்க் கசிவைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்தப் படிவத்தை நிரப்பிய எத்தனை பெண்கள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருக்கிறார்களோ.

ஜூன் 9, திங்கள்

மூன்று நாளாக இதையேதான் படிக்கிறேன். ரத்தச் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் அது சிறுநீரில் இறங்கும், கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். சிறுநீர்ப்பை அடிக்கடி நிரம்பும். அது ஒரு பக்கம். சர்க்கரை மிகும்போது செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா, செல்லையே அரிக்கும் சூப்பர்ஆக்சைடைக் கூடுதலாகக் கக்குகிறது என்று சர்க்கரை நோய் ஆய்வாளர் பிரவுன்லீ 2001-இல் விளக்கினார். பையின் தசையும் அதன் நரம்பும் அந்தச் சேதத்துக்குத் தப்புவதில்லை. முதலில் பை படபடத்து அவசரப்படுத்தும். வருடங்கள் போனால் தளர்ந்து, முழுசாகக் காலியாகாமல் நிற்கும்.

எம்டிஏ, 8-ஓஎச்டிஜி (டிஎன்ஏ ஆக்ஸிஜனேற்றத்தில் சேதமானதைக் காட்டுவது) மாதிரி, சேதத்தைக் காட்டும் குறியீடுகளை வைத்துக் கசிவை முன்கூட்டியே சொல்ல முடியுமா? எனக்கு ஆசைதான். ஆனால் ரத்தத்தையும் பதிலையும் ஒரே சமயத்தில் வாங்கிக்கொண்டால் எது முந்தியது என்று எப்படிச் சொல்வது? வயது, எடை, பிரசவம் எல்லாம் குறுக்கே நிற்கின்றன. அம்மாவின் ரத்தத்தை நானே சோதித்திருந்தாலும் அந்தத் துணிகள் எனக்குத் தெரிந்திருக்காது.

ஜூன் 14, சனி

டாக்டரம்மா முதலில் சிறுநீரில் கிருமித் தொற்று இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. மாத்திரைகளை எல்லாம் எடுத்துக் காட்டச் சொன்னார். இடுப்புத் தளத் தசைப் பயிற்சி (அமெரிக்க மருத்துவர் கெகல் 1948-இல் எழுதியது), எடைக் குறைப்பு, மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பு. எடையைச் சொன்னதும் அம்மா முகம் சுருங்கியது. 2009-இல் அமெரிக்காவில் 338 பெண்களை வைத்துச் செய்த சோதனையைச் சொன்னேன்: ஆறு மாதத்தில் எடை 8 சதவீதம் குறைந்தவர்களுக்கு வாராந்தரக் கசிவு 47 சதவீதம் குறைந்தது. சும்மா ஆலோசனை மட்டும் கேட்டவர்களுக்கு 28.

பெரியம்மா, ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் என்று விற்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை டப்பா ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறாள். அன்புதான், ஆனால் வேண்டாம் என்றேன். வைட்டமின் ஈ-யும் ஆன்டிஆக்ஸிடன்ட்தான்; அந்த மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கிய ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதை 2011-இல் பார்த்தோம். குறியீடு உயர்ந்திருக்கிறது என்பதற்காக டப்பாவைத் திறந்துவிட முடியாது.

ஜூன் 22, ஞாயிறு

அம்மாவின் நோட்டு, அவள் கையெழுத்தில்:

காலை 6.10, 280 மில்லி.
7.40, 90. காபிக்கு அப்புறம்.
8.15, தாளிக்கும்போது இருமல். கொஞ்சம் கசிவு.

காபியை ஒரு வேளையாகக் குறைத்துக்கொண்டாள், தானாகவே. தண்ணீரைப் பயப்படாமல் குடிக்கிறாள். கசிவு நிற்கவில்லை, ஒரு வாரத்தில் நிற்கவும் நிற்காது. படிவத்தில் கசிவைப் பற்றி இரண்டு கேள்வி சேர்க்கலாமா என்று சாரிடம் கேட்டேன். "எழுதிக் கொண்டா" என்றார்.

இப்போது அம்மா சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். மண்டபத்தில் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்கிறாள், கூடத்துக்கே கேட்கிற மாதிரி.