யார் போனில் எந்த பில்டு? ஃபாஸ்ட்லேனுக்கு மாறிய அனுபவம்

மளிகைக் கடைகளில் பில் போடுவதற்கான செயலி ஒன்றைச் சிறு குழுவாகச் செய்துவருகிறோம். புது பில்டு, அதாவது நிரலிலிருந்து எடுத்த செயலியின் பதிப்பு, தயாரானதும் ஆண்ட்ராய்டு போனில் நிறுவும் ஏ.பி.கே. கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவதுதான் வெகுநாள் வழக்கம். கோப்பு எல்லோருக்கும் போய்விடும். ஆனால் யார் போனில் எந்த பில்டு இருக்கிறது என்று மட்டும் தெரியாது. "தம்பி, தள்ளுபடி போட்டா மொத்தம் தப்பா வருது" என்பார் கடைக்கார அண்ணன் ஒருவர். நிரலைக் குடைந்து பார்த்தால், அது ஏற்கெனவே சரிசெய்த பிழையாக இருக்கும். அவர் போனில் இருப்பது முந்தைய பில்டு. அவரைக் குறை சொல்லவே முடியாது. ஒரே மாதிரி பெயரில் நாலைந்து கோப்புகள் குழுவில் கிடந்தால் அவர் எதைத் தொடுவார்?

இதற்காகத்தான் ஃபாஸ்ட்லேனுக்கும், சோதிப்பவர்களுக்கு பில்டு அனுப்பும் கூகுள் சேவையான ஃபயர்பேஸ் ஆப் டிஸ்ட்ரிபியூஷனுக்கும் போனோம். ஃபாஸ்ட்லேன் 2014-இல் ஃபெலிக்ஸ் கிரவுசே தொடங்கிய திறந்த மூலக் கருவி. செய்யவேண்டிய வேலைகளை ஃபாஸ்ட்ஃபைல் என்ற கோப்பில் வரிசையாக எழுதிவைக்கலாம். அந்த வரிசைக்கு லேன் என்று பெயர். எங்கள் லேன் சின்னது: ஆண்ட்ராய்டு பில்டு கருவியான கிரேடிலைக் கூப்பிட்டு பில்டு எடுக்கும், ஃபயர்பேஸுக்கு ஏற்றும், டெஸ்டர் குழுவுக்குத் தகவல் அனுப்பும். சொந்த லேப்டாப்பில் இது அதிகச் சிரமமில்லாமல் ஓடிவிட்டது.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்கு (கிட்ஹப் தளம் தரும் கணினியில் பில்டு தானாக ஓடும் வசதி) மாற்றியபோதுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. முதல் பில்டு எல்லோருக்கும் ஏறியது. அடுத்த பில்டை யார் தொட்டாலும் "ஆப் இன்ஸ்டால் ஆகவில்லை" என்ற ஒற்றை வரிதான். ஒரு போனைக் கேபிளில் மாட்டி ஏ.டி.பி. என்ற கணினிக் கருவி வழியாக ஏற்றிப் பார்த்தால் காரணம் வந்தது: இன்ஸ்டால் ஃபெயில்டு அப்டேட் இன்கம்பேட்டிபிள். அதாவது, செயலியில் இடும் டிஜிட்டல் கையொப்பம் பொருந்தவில்லை. டீபக் பில்டுக்கு, அதாவது சோதனை பில்டுக்கு, கையொப்பமிடும் சாவி அந்தந்தக் கணினியில் தானாக உருவாகும். ஆக்‌ஷன்ஸிலோ ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புத்தம்புது கணினி, அதனால் ஒவ்வொரு முறையும் புது சாவி. வேறு சாவியில் கையொப்பமிட்ட செயலியைப் பழையதன் மேல் ஏற்ற ஆண்ட்ராய்டு விடாது. விடவும் கூடாது.

பழையதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுப் போடச் சொல்வது சுலபம். ஆனால் அப்படிச் செய்தால் போனிலேயே சேமித்த பில்களும் கூடவே போய்விடும். சோதனைக்குத்தான் என்றாலும் அந்தப் பில்கள் கடைக்காரர்கள் உட்கார்ந்து தட்டியவை. அழிக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அதனால் சோதனைக்கென்றே தனி கீஸ்டோர் (சாவி இருக்கும் கோப்பு) உருவாக்கினோம். அதை பேஸ்64 எழுத்துகளாக மாற்றி, கிட்ஹப்பின் ரகசியப் பெட்டகமான சீக்ரெட்ஸில் வைத்து, பில்டு நேரத்தில் திரும்பக் கோப்பாக்கிக்கொள்கிறோம். பிளே ஸ்டோருக்கான சாவி இந்தப் பக்கமே வராது. ஆண்ட்ராய்டு செயலியை அடையாளம் காணும் பேக்கேஜ் பெயருக்கு ஒரு பின்னொட்டும் சேர்த்தோம். அப்புறம் சோதனைச் செயலி தனியாக நின்றது. பழையதில் இருந்த தரவுக்குச் சேதமில்லை. அந்தப் புதுப் பெயரை ஃபயர்பேஸிலும் பதிந்து, ஃபயர்பேஸ் அமைப்புகள் உள்ள கூகுள் சர்வீசஸ் ஜேசான் கோப்பைப் புதிதாக இறக்க வேண்டும். இல்லாவிட்டால் கிரேடில் நடுவிலேயே நின்றுவிடும்.

பில்டின் வரிசை எண்ணான வெர்ஷன் கோடுக்கு ஆக்‌ஷன்ஸின் ஓட்ட எண்ணையே கொடுத்தோம். அது ஏறிக்கொண்டேதான் போகும். எண் குறைந்தால் ஆண்ட்ராய்டு அதையும் ஏற்க மறுக்கும். அதே எண் செட்டிங்ஸ் திரையின் அடியில் பெரிய எழுத்தில் தெரியும்.

அடுத்தது ரிலீஸ் நோட்ஸ். ஒவ்வொரு நிரல் மாற்றத்தோடும் எழுதும் கமிட் குறிப்புகளை அப்படியே திரட்டி அனுப்ப ஃபாஸ்ட்லேனில் வசதி இருக்கிறது. ஆனால் எங்களுக்குள் எழுதிக்கொள்ளும் அந்த ஆங்கிலத் துண்டுகளை வைத்துக்கொண்டு கடைக்காரர் என்ன செய்வார்? அவருக்கு வேண்டியது இது: "தள்ளுபடிக் கணக்கைத் திருத்தியிருக்கிறோம். இரண்டு பொருள் சேர்த்து, 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்துப் பாருங்கள்." இப்படித் தமிழில் எழுதிய சிறு கோப்பு ஒவ்வொரு பில்டுக்கும் கட்டாயம். கோப்பு காலியாக இருந்தால் லேன் ஓடாது. மொத்த ஏற்பாட்டிலும் அதிகப் பலன் தந்தது இந்த ஒரு நிபந்தனைதான் என்பேன். அதேபோல், நிரல் மாற்றத்தைச் சேர்க்கும் ஒவ்வொரு மெர்ஜுக்கும் பில்டு அனுப்புவதில்லை. நிரலின் ஒரு நிலைக்கு டேக் என்ற பெயரடையாளம் போட்டால் மட்டும்தான். தினம் நாலு அறிவிப்பு வந்தால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

டெஸ்டர் பக்கத்தில் முதல் தடவை கூடவே உட்கார வேண்டியிருந்தது. அழைப்பு மின்னஞ்சலில் வரும். பல கடைக்காரர்கள் மின்னஞ்சலைப் பார்ப்பதே இல்லை. கூகுள் கணக்கில் நுழைந்து, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவ அனுமதி கொடுத்துவிட்டால், அப்புறம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

ஐபோன் பக்கம் ஆப்பிளின் சோதனைச் சேவையான டெஸ்ட்ஃப்ளைட்தான். அது இல்லாமல் நேரடியாகக் கொடுக்கும் ஆட் ஹாக் வழியில் ஒவ்வொரு சாதனத்தின் அடையாள எண்ணையும் வாங்கிப் பதிய வேண்டும். ஐபோன்களுக்கு ஆண்டுக்கு 100 என்ற வரம்பும் உண்டு. டெஸ்ட்ஃப்ளைட்டில் வெளி டெஸ்டர்கள் 10,000 பேர் வரை சேரலாம், பில்டு 90 நாளில் காலாவதி ஆகும்.

இப்போது யாராவது பிழை என்று அழைத்தால் முதலில் செட்டிங்ஸில் இருக்கும் எண்ணைத்தான் கேட்கிறோம். இதே ஏற்பாட்டைச் செய்யப்போகிறவர்களுக்கு ஒன்று: சீக்ரெட்ஸில் போட்ட கீஸ்டோரை கிட்ஹப் திரும்பக் காட்டாது. மூலக் கோப்பையும் கடவுச்சொல்லையும் வேறொரு பத்திரமான இடத்தில் வைத்துவிட்டு அப்புறம் ஏற்றுங்கள்.