ஒன்று புள்ளி ஐந்துக்குக் கீழே

ஜூன் 12, 2025
குட்டிக்கு இரண்டு கன்னமும் செக்கச்செவேல் என்று இருக்கிறது. ஆட்டோ அண்ணன், "யாரு பாப்பாவ அறைஞ்சது?" என்று என்னையே முறைத்துப் பார்க்கிறார். அத்தை உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். காய்ச்சல் இல்லை, போன வாரம் இருந்த சளிகூடப் போய்விட்டது. வெயிலாகத்தான் இருக்கும்.

ஜூன் 14
வெயில் இல்லை. கையிலும் தொடையிலும் வலைவலையாகச் சிவப்பு. குழந்தை டாக்டர் அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். "எத்தனை வாரம்மா?" பதினெட்டு. "பார்வோ வைரஸ் மாதிரி இருக்கு, பி19. உங்க டாக்டர்கிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க." குட்டிக்கு மருந்தே எழுதவில்லை, தானாகப் போய்விடுமாம்.

ஜூன் 15
பார்வோ என்றதும் எல்லோருக்கும் எதிர்வீட்டு நாய்க்குட்டிதான் ஞாபகம் வருகிறது. அது வேறு வைரஸ், நாயிடமிருந்து நமக்கு வராது என்று போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அத்தை குட்டியைத் தாம்பரத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறார். என்ன பிரயோஜனம்? கன்னம் சிவக்கும்போது தொற்றும் காலம் முடிந்துவிடுகிறது. சளி இருந்த வாரம்தான் பரவும் வாரம். அந்த வாரம் முழுக்க என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினாள், பாதி கடித்த மாம்பழத்தை என் வாயில் ஊட்டினாள்.

ஜூன் 17
ரத்தம் கொடுத்தாயிற்று.

ஜூன் 19
ஐஜிஜி (எப்போதோ வந்துபோனதைக் காட்டுவது), ஐஜிஎம் (இப்போது புதிதாகத் தொற்றியதைக் காட்டுவது) இரண்டுமே நெகட்டிவ். சந்தோஷப்படப் போனால் டாக்டர் விடவில்லை. சின்ன வயதில் எனக்கு இது வந்ததே இல்லை, எதிர்ப்பு சக்தி கிடையாது. இப்போது தொற்றியிருந்தாலும் ரத்தத்தில் தெரிய நாளாகும் என்கிறார். பெரியவர்களில் பாதிப் பேருக்காவது எப்போதோ வந்து போயிருக்குமாம். மற்ற பாதியில் நான். அம்மாவிடம், எனக்குக் கன்னம் எப்போதாவது சிவந்திருக்கிறதா என்று கேட்டேன். "நீ இருக்கற கலருக்கு எப்படிடி தெரியும்?" என்கிறாள்.

ஜூன் 26
காலையில் விரல் மடங்கவில்லை. இரண்டு மணிக்கட்டும், இரண்டு முட்டியும். மாவுப் பாத்திரத்தைப் பிரிட்ஜிலிருந்து எடுக்க இவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. அத்தை சிக்குன்குனியா என்று முடிவுகட்டி நிலவேம்புக் கஷாயம் போட்டுவிட்டார், டாக்டர் அதைத் தொடவே கூடாது என்றுவிட்டார். சென்னையில் மூட்டு வலித்தால் வேறு எதுவும் இருக்கக் கூடாது போல. எனக்குத் தெரியும் இது எது என்று. பெரியவர்களுக்கு, அதுவும் பெண்களுக்கு, பெரும்பாலும் மூட்டில்தான் காட்டுமாம்.

ஜூலை 4
ஐஜிஎம் பாசிட்டிவ்.

ஜூலை 5, ராத்திரி இரண்டு மணி
தூக்கம் வரவில்லை, படித்துக்கொண்டே இருக்கிறேன். 1975இல் லண்டனில் இவோன் கொசார்ட் என்பவர் மஞ்சள்காமாலைக்காக ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது பி வரிசையில் 19ஆம் மாதிரியில் இந்த வைரஸ் அகப்பட்டதாம், பெயரும் அப்படியே நின்றுவிட்டது. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு ஆகப்போகிற செல்லுக்குள்தான் போய் உட்காரும். அங்கே கொஞ்ச நாள் உற்பத்தி நின்றுவிடும். எனக்கு அது ஒன்றுமே இல்லை, நம் சிவப்பணு 120 நாள் ஓடும். உள்ளே இருப்பது அப்படியா, அதன் அணுக்களுக்கு ஆயுளும் குறைவு, அதுவோ நாளுக்கு நாள் வளர்கிறது, ரத்தம் வேண்டாமா? ரத்தசோகை முற்றினால் இதயம் திணறி வயிற்றிலும் தோலுக்கடியிலும் நீர் கோத்துக்கொள்ளும். இருபது வாரத்துக்கு முன் தொற்றினால் ஆபத்து அதிகம் என்று போட்டிருக்கிறது. எனக்குப் பதினேழா பதினெட்டா? எந்த ராத்திரி, எந்த மாம்பழம்? தடுப்பூசி கிடையாது, மருந்தும் கிடையாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை என்றும்தான் எழுதியிருக்கிறது. அந்த வரியை மட்டும் கண் தாண்டிப் போய்விடுகிறது.

ஜூலை 8
தேனாம்பேட்டையில் ஸ்கேன். நங்கநல்லூர் ரோட்டிலிருந்து மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. குழந்தையின் பாலினம் சொல்வது குற்றம் என்று சுவரில் பெரிய போர்டு, அதை நான்கு தடவை படித்தேன். டாக்டர் குழந்தையின் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயைத் தேடினார், திரையில் சிவப்பும் நீலமுமாக ஒரு வளையம், அதில் ஒரு கிளை மேல் கர்சரை வைத்ததும் மலைமலையாக அலை ஓடியது. ரத்தசோகை வந்தால் ரத்தம் நீர்த்துப்போய் வேகமாக ஓடுமாம். அந்த வேகம் வழக்கமானதைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. இன்று 1.1.

ஜூலை 12
குட்டி மொட்டைமாடியில் விளையாடிவிட்டு வந்தாள். கன்னம் மறுபடி சிவப்பு. வெயில் பட்டால், வெந்நீர் ஊற்றினால் சில வாரம் வந்து வந்து போகுமாம். தெரியும். தெரிந்தும் கத்திவிட்டேன்.

ஜூலை 15
1.38.

ஜூலை 16
1.38.
தாண்டினால் என் வயிற்றின் வழியாக ஊசி போட்டு, தொப்புள்கொடியில் ஓ நெகட்டிவ் ரத்தம் ஏற்றுவார்களாம். "பண்ணிக்கிட்டுதான் இருக்கோம்மா" என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் பிடித்தது. இவர் வெளியே போய் நின்றுகொண்டார். அத்தை மட்டும், "நம்ம ரத்தம் குடுத்தா ஆகாதா?" என்று கேட்டார். இந்த மாதத்தில் யாரும் கேட்டதில் நல்ல கேள்வி இதுதான்.

ஜூலை 19
பள்ளிக்குத் தகவல் சொன்னேன், அங்கே ஒரு டீச்சரும் கர்ப்பம் என்பதால். "சாதாரண அலர்ஜிதானே மேடம், எல்லாரையும் பயமுறுத்தணுமா?" என்கிறார்கள். அந்த டீச்சரிடம் நானே பேசிவிட்டேன்.

ஜூலை 22
1.29. எங்கும் நீர் இல்லை. உதைக்கிறது.

ஜூலை 29
1.31. இந்த இரண்டு பாயிண்டுக்கு ஒரு ராத்திரி தூக்கம் போச்சு.

ஆகஸ்ட் 5
1.2. தொற்றியதிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை பார்ப்பார்களாம், அப்படியென்றால் ஆகஸ்ட் முழுக்க. விரல் மட்டும் காலையில் இன்னும் இறுகுகிறது, ஆனால் சப்பாத்தி தேய்க்க முடிகிறது. அடுத்தது 12ஆம் தேதி எட்டரைக்கு. இவருக்கு அன்று ஆடிட்டாம், அத்தைதான் வருகிறார்.